பின்கோடி பால்கனி அறை: எடுக்கலாமா, வேண்டாமா?

கேள்வி, 2 ஜூன் 2024

டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பலில் இரண்டு அறை போடப்போகிறோம். நான், மனைவி, ஏழு வயது மகன், என் அப்பா அம்மா. பக்கவாட்டு பால்கனிக்கும் கப்பலின் பின்கோடியில் இருக்கும் பால்கனிக்கும் ஆளுக்கு 120 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வித்தியாசம். பின்னால் ஆட்டம் அதிகம், புகை வரும், தூங்க முடியாது என்கிறார் மைத்துனர். முகவர் அதுதான் இருப்பதிலேயே நல்ல இடம் என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், 2 ஜூன் 2024, இரவு 10.40

எடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

போன வருடம் ஜூனில் இதே பினாங்கு, புக்கெட் பயணம். நான், மனைவி, அம்மா. அம்மாவுக்கு 78 வயது. அதற்கு முன் ஒருமுறை பக்கவாட்டு பால்கனியில் அழைத்துப் போயிருந்தேன். பத்து நிமிடம் உட்கார்ந்தார், தலை சுற்றுகிறது என்று உள்ளே போய்விட்டார். பக்கவாட்டில் தண்ணீர் கண் முன்னால் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும் பேருந்தின் ஜன்னலில் தரையையே பார்த்தால் எப்படியோ அப்படி. பின்னால் அது கிடையாது. தண்ணீர் உங்கள் காலடியிலிருந்து கிளம்பி நேராக விலகிப் போகிறது. வெள்ளை நுரை, அதற்குள் பச்சையும் நீலமும் கலந்த கலக்கம், தூரம் போகப் போக ஒரு வழவழப்பான பாதை மட்டும் மிச்சம். அம்மா காலை ஆறு மணிக்கு காப்பியோடு போய் உட்கார்ந்தால் எட்டரை மணிக்குப் பசிக்கும்போதுதான் எழுவார்.

அப்புறம் காற்று. கப்பல் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன்பக்க பால்கனியில் நிற்கவே முடியாது, பக்கவாட்டிலும் தலைமுடி முகத்தில் அடிக்கும். பின்னால் கப்பலே சுவர் மாதிரி மறைத்துக்கொள்கிறது. செய்தித்தாள் விரித்துப் படிக்கலாம்.

கிளம்பும் நேரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மரினா பே முனையத்திலிருந்து விலகியதும் ஊர் முழுவதும் உங்களுக்கு எதிரே இருக்கும். பக்கவாட்டு அறையில் இருப்பவருக்கு ஐந்து நிமிடத்தில் தாண்டிப் போய்விடும் காட்சி, உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். கட்டடங்கள் சின்னதாகும், விளக்கு ஏற்றுவார்கள், அப்புறம் நங்கூரமிட்ட சரக்குக் கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக உங்கள் பின்னால் வந்து சேரும். 120 வெள்ளி இதற்கே சரியாகப் போய்விட்டது என்பேன்.

3 ஜூன் 2024, காலை 7.15

நேற்று எழுதாமல் விட்டது: கரி. மைத்துனர் சொன்னதில் இது உண்மை.

புகைபோக்கி பெரும்பாலும் கப்பலின் பின்பாதியில்தான் இருக்கும். காற்று ஒரு தினுசாக அடித்தால் கரித்துகள் நேராக பால்கனியில் இறங்கும். இரண்டாம் நாள் காலையில் அம்மாவின் வெளிர்மஞ்சள் புடவையை நாற்காலி முதுகில் போட்டிருந்தோம். பார்த்தால் மிளகுத்தூள் தூவியது போல. அம்மா கையால் தட்டிவிட்டார், அது இழுபட்டுக் கோடு கோடாகிவிட்டது. தட்டவோ தேய்க்கவோ கூடாது, உதறவேண்டும். உதறினால் முக்கால்வாசி போய்விடும்.

இன்ஜின் புகை போகும் வழியில் வெப்பத்தை எடுத்து நீராவி ஆக்கும் குழாய்த்தொகுதி ஒன்று உண்டு. அதில் படியும் கரியை அவ்வப்போது ஊதிச் சுத்தம் செய்வார்கள், நடுக்கடலில், பெரும்பாலும் இரவில். அதனால் இரவு பால்கனியில் எதையும் விட்டுவைக்காதீர்கள். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், இல்லையென்றால் புகையைக் கழுவும் கருவி பொருத்தவேண்டும் என்று சர்வதேச விதி வந்தது. அதற்கு முன் போனபோது பார்த்ததைவிட இப்போது குறைவுதான். ஆனால் இல்லை என்று சொல்லமுடியாது.

3 ஜூன் 2024, இரவு 11.05

"யோசிக்கவே வேண்டாம்" என்று எழுதியதை எடுத்துவிடுகிறேன். 2016-இல் போனது இன்று வேலைக்குப் போகும் வழியில் நினைவுக்கு வந்தது. அதுவும் பின்கோடி அறைதான். கீழ்த்தளம், பால்கனி இல்லை, ஜன்னல் மட்டும். பழைய கப்பல். மூன்று இரவும் நான் சரியாகத் தூங்கவில்லை.

மேசையில் வைத்த கண்ணாடித் தம்ளர் தானாக நகர்ந்து தண்ணீர்க் குடுவையில் போய் இடிக்கும், "கிர்ர்" என்று ஒரு சத்தம் போடும். அதை எடுத்துக் கட்டிலில் வைத்தால் அலமாரியில் மாட்டியிருக்கும் ஹேங்கர்கள் ஆரம்பிக்கும். ஹேங்கருக்கு நடுவே துண்டைச் சொருகினோம். பிறகு கதவின் தாழ்ப்பாள். இப்படி ஒவ்வொன்றாக.

விடிகாலை ஐந்து மணிக்குத் துறைமுகம் வந்தபோது வேறொன்று. கயிறு இழுக்கும் வின்ச்சுகள் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கின்றன. இரும்பில் இரும்பு உரசும் சத்தம், ஆட்கள் கூப்பிடும் சத்தம், கூடவே கப்பலின் பின்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளும் த்ரஸ்டர் கீழே உறுமும். அரை மணி நேரம்.

நான் 22 வருடம் கப்பல் யார்டில் வேலை பார்த்தவன். எனக்கே இது முன்கூட்டித் தோன்றவில்லை என்பதில் இன்றுவரை வருத்தம். பின்கோடியில் கயிறு கட்டும் தளம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வரைபடத்தைப் பார்க்காமல் போட்டுவிட்டேன்.

ஆக, கீழ்த்தளத்தில் பின்கோடி வேண்டாம். மேலே ஆறேழு தளம் தாண்டி இருந்தால் வேறு கதை.

5 ஜூன் 2024, இரவு 9.30

"இன்ஜின் பின்னால் இருப்பதால்தானே அதிர்கிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இன்ஜின் காரணம் இல்லை. இன்றைய உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலும் இன்ஜின் மின்சாரம் தயாரிக்கும் வேலையைத்தான் செய்கிறது, ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கும். அதிர்வு வருவது புரொப்பல்லரிலிருந்து, அதாவது கப்பலை ஓட்டத் தண்ணீருக்குள் சுழலும் விசிறியிலிருந்து.

கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை வடிக்கும் டிரை டாக்கில் அதன் அடியில் நின்றிருக்கிறேன். ஓர் இதழ் என் உயரத்துக்கு மேல். வெண்கலத்தில் செய்தது, தூரத்திலிருந்து பார்த்தால் கோவில் குத்துவிளக்கு மாதிரி மின்னும். கிட்டே போய்க் கையை வைத்தால் இதழின் ஓரத்தில் அம்மைத்தழும்பு போலக் குழி குழியாக இருக்கும். சுற்றும் வேகத்தில் இதழின் மேல் தண்ணீர் ஆவியாகிக் குமிழிகள் உண்டாகின்றன, அவை உடையும்போது இரும்புச் சுத்தியால் அடித்தது போல் உலோகத்தைத் தின்றுவிடுகின்றன. வெண்கலத்தையே குழி போடும் அந்த அடி, மேலே இருக்கும் தகட்டிலும் விழுகிறது. ஒவ்வொரு இதழும் கப்பலின் வயிற்றைத் தாண்டும்போது ஓர் அழுத்தம். அதுதான் உங்கள் தம்ளரை நகர்த்துகிறது.

பழைய கப்பல்களில் நீண்ட தண்டின் முனையில் புரொப்பல்லர். புதியவற்றில் பெரும்பாலும் மின்மோட்டாரையே ஒரு கூட்டுக்குள் வைத்து கப்பலுக்கு அடியில் தொங்கவிடுகிறார்கள், அசிபாட் என்பார்கள். உல்லாசக் கப்பல்களில் முதன்முதலாக 1998-இல் வந்த எலேஷன் என்ற கப்பலில் பொருத்தினார்கள். புரொப்பல்லர் முன்பக்கம் பார்த்திருக்கும், தள்ளாமல் இழுக்கும். கலங்காத தண்ணீர் அதற்குக் கிடைப்பதால் அதிர்வு வெகுவாகக் குறைவு. கூடு முழுவட்டமும் திரும்பும் என்பதால் பின்பக்க த்ரஸ்டரே பெரும்பாலும் தேவைப்படாது. 2016-க்கும் 2023-க்கும் எனக்கு இருந்த வித்தியாசத்தில் பாதி தளத்தின் உயரம், மீதிப் பாதி இது.

உங்கள் கப்பல் எந்த வகை என்று பாருங்கள். கப்பலின் பெயரோடு சேர்த்துத் தேடினால் ஒரு நிமிட வேலை.

6 ஜூன் 2024, இரவு 10.10

ஆட்டம்.

குழந்தைகள் விளையாடும் ஏற்ற இறக்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உட்கார்ந்தால் அசைவு தெரியாது, இரண்டு முனையிலும் தெரியும். கப்பல் எதிர் அலையில் ஏறி இறங்கும்போதும் அதுதான். முனைகளில் முன்முனை மோசம். யார்டில் என்னோடு இருந்த நாகப்பட்டினத்துக்காரர் முன்முனையை அணியம் என்பார், "அணியத்துல படுத்தா வயிறு தொண்டைக்கு வரும்" என்பது அவர் வாக்கு. பின்முனை அதற்கு அடுத்தது.

கப்பலில் ஆட்டத்தைக் குறைக்கச் செட்டை இருக்கிறதே என்பார்கள். மீனுக்கு இருப்பது போல் இரண்டு பக்கமும் நீளும். அது பக்கவாட்டில் உருளுவதைத்தான் அடக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை ஒன்றும் செய்யாது. பின்கோடி அறைக்காரருக்குச் செட்டையால் தனிப் பயன் இல்லை.

ஆனால் எந்தக் கடல், எந்த மாதம் என்பதுதான் பெரிய விஷயம். மலாக்கா நீரிணை இரண்டு பக்கமும் நிலம் மறைத்த ஒரு கால்வாய் போல. நீண்ட அலை எழ இடமே இல்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சில நாள் விடிகாலையில் சுமத்ரா புயல்கள் என்று நாம் சொல்கிறோமே, அது வரும். ஒரு மணி நேரம் மழையும் காற்றுமாக அடித்துவிட்டுப் போய்விடும். கப்பல் அசையாது.

புக்கெட் வேறு. அது அந்தமான் கடலைப் பார்த்து நிற்கிறது, தென்மேற்குப் பருவக்காற்றில் திறந்த கடல் அலை அப்படியே வரும். நாங்கள் போனது ஜூன். புக்கெட்டை விட்டுக் கிளம்பிய இரவு கட்டில் மெல்ல மேலே போய்க் கீழே வந்தது. தொட்டில் மாதிரிதான், மோசமில்லை. ஆனால் அலை பின்னாலிருந்து வந்து கப்பலின் தட்டையான பின்னடியில் அறையும்போது "டம்" என்று ஒரு சத்தம், ஏதோ கதவை யாரோ அடித்துச் சாத்தியது போல. மனைவி இரண்டு தடவை எழுந்துபோய்க் கதவைப் பார்த்தாள்.

டிசம்பரில் அந்தப் பக்கம் கடல் அமைதி. ஆட்டத்துக்காக நீங்கள் பின்கோடியைத் தள்ள வேண்டியதில்லை.

8 ஜூன் 2024, மதியம்

சூரியோதயம், அஸ்தமனம் பற்றி யாரும் எழுதவில்லை. போகும்போது கப்பல் வடமேற்கே போகிறது, ஆகவே உங்கள் பால்கனி தென்கிழக்கைப் பார்க்கும். காலைச் சூரியன். திரும்பும்போது பால்கனி வடமேற்கு. மாலைச் சூரியன் நேர் எதிரே இறங்கும். எங்களுக்குக் கடைசி மாலை அப்படித்தான். நுரைப்பாதை முழுவதும் செம்பு நிறம். அம்மா ஒன்றும் பேசவில்லை, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

9 ஜூன் 2024, காலை 6.50

திருத்தம். நான் சொன்னது ஜூன் கணக்கு. ஜூனில் சூரியன் வடக்கே சாய்ந்து மறையும், அதனால் எங்களுக்கு நேரே விழுந்தது. டிசம்பரில் தெற்கே சாய்ந்து மறையும். திரும்பும் வழியில் உங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் நடுவில் இருக்காது, இடது ஓரத்துக்குப் போய்விடும். பின்கோடியிலும் மூலை அறை கிடைத்தால், கப்பல் போகும் திசையைப் பார்த்து நின்றால் வலதுகைப் பக்கம் வரும் மூலையைக் கேளுங்கள். காலைச் சூரியனுக்குப் பிரச்சினை இல்லை, போகும்போது தென்கிழக்கில் சௌகரியமாக எழும்.

முதல் நாள் மாலை எந்த மாதமானாலும் பின்கோடியில் அஸ்தமனம் கிடையாது. சூரியன் கப்பலுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருக்கும். உங்களுக்குக் கிடைப்பது ஊர் விளக்குகள்.

9 ஜூன் 2024, இரவு

இன்று அம்மாவோடு சாப்பிடும்போது இந்தப் பேச்சு வந்தது. அப்பா 1966-இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா ஏறி இங்கே வந்தவர். 1926-இல் கட்டிய கப்பல், 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அப்பா அறை இல்லாத டெக் பயணி. பாய், தலையணை, ஊறுகாய்ப் பரணி, ஒரு தகரப் பெட்டி. படுக்க இடம் பிடிக்கத் தாமதமாகிவிட்டதால் பின்பக்கம்தான் கிடைத்ததாம். "பாய்க்குக் கீழே மாவுமில் ஓடுற மாதிரி இருக்கும்" என்று சொல்வார். கேட்டிருக்கிறேன், சிறுவயதில் அதை ஒரு பேச்சாக எடுத்துக்கொண்டேன். 2016-இல் அந்தக் கீழ்த்தள அறையில் படுத்தபோதுதான் அவர் சொன்னது முதுகில் தெரிந்தது.

பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு அவர் வந்த அதே தண்ணீர்தான் இது. அம்மா பின்னால் உட்கார்ந்து அவ்வளவு நேரம் பார்த்ததற்கு அதுதான் காரணமா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லப்பா, வெயில் இல்லாம காத்து இல்லாம உட்கார நல்ல இடம்" என்றார்.

12 ஜூன் 2024, காலை 8.00

கேட்டவர் அறை எண்ணைப் போட்டிருக்கிறார். தள வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். நல்லவேளை கேட்டீர்கள். நாம் பத்து நாளாகப் பேசிக்கொண்டிருப்பது வேறு, முகவர் உங்களுக்குக் கொடுக்கப்போவது வேறு.

"ஆஃப்ட் பால்கனி" என்று போட்டால் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கப்பலின் பின்முனைச் சுவரில், பின்னோக்கிப் பார்க்கும் அறை. மற்றது, கப்பலின் பின்பாதியில் இருக்கும் பக்கவாட்டு அறை. உங்கள் முதல் அறை பின்னோக்கிய அறைதான். இரண்டாவது, அப்பா அம்மாவுக்கு என்று போட்டது, வலப்பக்கச் சுவரில் கடைசிக்கு ஆறு அறை முன்னால் இருக்கும் பக்கவாட்டு அறை. அதிலிருந்து நுரைப்பாதை தெரியாது, காற்று மறைப்பு கிடையாது. நீண்ட நடை, கரி, ஆட்டம் மட்டும் உண்டு. அதற்கு 120 வெள்ளி அதிகம் கொடுக்கக்கூடாது.

முகவர் வேண்டுமென்றே செய்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். வரைபடத்தை அவர் முன்னால் வைத்து, அறையை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

12 ஜூன் 2024, இரவு 10.30

வரைபடம் பார்க்கும்போதே இன்னொன்று. உங்கள் அறைக்கு நேர் மேலே என்ன, நேர் கீழே என்ன என்று பாருங்கள்.

எங்கள் 2023 அறைக்கு மேலே திறந்தவெளி உணவு இடம். பஃபே பெரும்பாலும் பின்கோடியில்தான் வைப்பார்கள். முதல் நாள் விடிகாலை ஐந்தேகாலுக்கு நாற்காலி இழுக்கும் சத்தத்தில் எழுந்தோம். அம்மா, "யாருப்பா அம்மிக்கல்லை இழுக்கிறா?" என்று கேட்டார். இருநூறு நாற்காலியை ஒவ்வொன்றாகத் துடைத்து இழுத்துப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. வரவேற்பு மேசையில் போய்ச் சொன்னேன். மறுநாள் ஐந்தரைக்கு ஆரம்பித்தார்கள்.

மேலேயும் அறைகள், கீழேயும் அறைகள் என்று நடுவில் அகப்படுவதுதான் நல்லது. நடன அரங்கு, அரங்கம், உணவகம் எதுவும் ஒட்டாமல் இருக்கவேண்டும். வரைபடத்தில் பெயர் எதுவும் போடாமல் வெறுமையாக விட்ட இடம் இருந்தால் அதுவும் சந்தேகம்தான். பெரும்பாலும் சமையலறை அல்லது ஊழியர் வேலை பார்க்கும் இடம். இரவு முழுவதும் தள்ளுவண்டி ஓடும்.

உங்கள் பின்னோக்கிய அறை தப்பித்தது. மேலே இரண்டு தளம் அறைகள், கீழே ஒரு தளம் அறைகள்.

15 ஜூன் 2024

இதை முதலிலேயே எழுதியிருக்கவேண்டும். நடை.

இங்கிருந்து கிளம்பும் பெரிய கப்பல்கள் 300 மீட்டருக்கு மேல். கென்டிங் டிரீம் 335 மீட்டர். நம் ஊர் ஆறு பெட்டி எம்ஆர்டி (மெட்ரோ) ரயில் ஏறக்குறைய 138 மீட்டர். இரண்டு ரயிலை ஒட்டி நிறுத்தினாலும் கப்பல் மிச்சம் இருக்கும். கலையரங்கம் முன்பக்கம், உங்கள் அறை பின்கோடி என்றால் ஒவ்வொரு தடவையும் அந்த நீளம். தாழ்வாரம் ஒரே மாதிரி, கம்பளம் ஒரே மாதிரி, நடுவில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது.

அம்மாவுக்கு இடது முழங்கால் வலி. முதல் இரவு நிகழ்ச்சி பார்க்கப் போனோம். திரும்பும் வழியில் பாதியில் சுவரில் இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒன்றுமில்லை, காற்று வாங்குகிறேன் என்றார். தாழ்வாரத்தில் ஏது காற்று. அதன்பின் மூன்று இரவும் அவர் நிகழ்ச்சிக்கு வரவில்லை. பால்கனி பிடித்துப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். முதல் பதிவில் அப்படித்தான் எழுதியும் இருக்கிறேன். இந்த இழையை எழுத ஆரம்பித்த பிறகுதான் அது இரண்டும் கலந்தது என்று புரிகிறது.

உங்கள் அப்பா அம்மா எவ்வளவு தூரம் நிற்காமல் நடப்பார்கள்? அதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பின்பக்கத்திலேயே மின்தூக்கி இருக்கும் கப்பலா என்றும் பாருங்கள். சில கப்பல்களில் முன்னும் நடுவும் மட்டும்தான். நேர்மேலே பஃபே இருந்தால் சாப்பாட்டுக்கு நடை மிச்சம், அது ஒரு வசதி.

16 ஜூன் 2024

அலாஸ்கா பற்றிக் கேட்டவருக்கு: தம்பி வான்கூவரில் இருக்கிறான், 2018 ஆகஸ்டில் அவன் குடும்பத்தோடு போனோம். எங்களுக்குப் பின்கோடி, அவனுக்குப் பக்கவாட்டு.

கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு உல்லாசக் கப்பலுக்கு மேல் விடமாட்டார்கள். மார்ஜரி பனியாற்றுக்கு முன்னால் கப்பல் நின்று, எல்லாப் பக்கத்தவரும் பார்க்கட்டும் என்று மெல்லச் சுழலும். முதல் இருபது நிமிடம் எனக்கு நாங்கள் வந்த வழியும் மலையும்தான். தம்பி போனில் கத்துகிறான், பனி உடைகிறது என்று. எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது, வெடி போட்டது போல. பிறகு கப்பல் திரும்பி, அந்த நீலச் சுவர் ஓரத்திலிருந்து நகர்ந்து வந்து என் எதிரே நின்றது. அதன்பின் வளைகுடாவை விட்டு வெளியேறும்போது அது சிறுத்துக்கொண்டே என் முன்னால்தான் இருந்தது. தம்பிக்கு அது கிடைக்கவில்லை.

காற்று மறைப்பு அந்தக் குளிரில் பெரிய விஷயம். அவன் பால்கனியில் ஐந்து நிமிடம் நிற்கமுடியவில்லை, என்னுடையதில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தேநீர் குடித்தோம். திமிங்கிலம் இரண்டு பக்கத்தில் எங்கே எழுந்தாலும் கப்பல் தாண்டியதும் உங்களுக்குத் தெரியும், ஆனால் எல்லாரையும்விடப் பிந்தித்தான் தெரியும். வால் மட்டும் பார்த்தேன், நான்கு தடவை.

20 ஜூன் 2024

மறைவு பற்றி ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. பல கப்பல்களின் பின்சுவர் படிக்கட்டு போல் அமைந்திருக்கும். கீழ்த்தள பால்கனி மேல்தள பால்கனியைவிட வெளியே நீண்டிருக்கும். இடம் பெரிது. ஆனால் மேலே நிற்பவர்கள் குனிந்தால் நீங்கள் சாப்பிடும் தட்டு வரை தெரியும். கூரை பாதிதான். நம் ஊர் உச்சி வெயிலில் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை அந்த வெளிப்பாதியில் உட்காரமுடியாது. நேர்ச்சுவராக இருக்கும் கப்பலில் இந்தத் தொல்லை இல்லை, பால்கனி சின்னது. கப்பலின் பின்பக்கப் படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏழு வயது மகன் என்றீர்கள். படிக்கட்டு வகையில் மேலே இருந்து பொம்மையோ தண்ணீர்ப் போத்தலோ கீழே விழுந்தால் யார் தலையிலாவது விழும். முதல் நாளே சொல்லிவையுங்கள்.

23 ஜூன் 2024, காலை

கேட்டவர் முடிவு செய்துவிட்டாராம். அப்பா அம்மாவுக்கு நடுவில், மின்தூக்கிக்குப் பக்கத்தில் பக்கவாட்டு பால்கனி. அவர், மனைவி, மகன் மூவருக்கும் அந்தப் பின்னோக்கிய அறை. காலையில் அப்பா அம்மாவைப் பின்னால் கூட்டிவந்து காப்பி கொடுக்கப்போகிறாராம். எனக்கு இது சரியாகப் படுகிறது. இரண்டுமே பின்கோடியில் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கப்பல்களில் பின்கோடியில் எல்லாரும் போகக்கூடிய திறந்த தளம் ஒன்று இருக்கும், பஃபேவுக்கு வெளியே. அதே நுரைப்பாதை, காசில்லாமல். முதல் நாள் கிளம்பும்போது கூட்டம் நெரியும். காலை ஆறரைக்கு ஆளே இருக்கமாட்டார்கள். பின்கோடி அறை எடுக்க முடியாதவர்கள் அங்கே போகலாம்.

30 ஜூன் 2024, இரவு 11.20

எங்கள் கதையும் முடிவாகிவிட்டது. ஜனவரியில் மூன்று இரவு. நடை பற்றி எழுதியபின் மனசு கேட்கவில்லை, நடுவில் ஓர் அறையைப் பார்த்துவைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். மின்தூக்கிக்கு நான்கு அடி, எங்கும் நடக்க வேண்டாம் என்று.

"அங்கேயிருந்து பின்னாடி தெரியுமா?"

தெரியாது, பக்கவாட்டுதான் என்றேன்.

"அப்போ எனக்கு வேண்டாம். நடக்கிறது நான் பாத்துக்கிறேன்."

சக்கர நாற்காலி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அதற்கு முன்பெல்லாம் ஒத்துக்கொண்டதே இல்லை. இந்தத் தடவை, ராத்திரி நிகழ்ச்சிக்குப் போக மட்டும் என்றால் சரி என்றார்.

பத்தாம் தளம், பின்னோக்கிய அறை. மேலும் கீழும் அறைகள். பின்பக்க மின்தூக்கியிலிருந்து பதினாலு கதவு, வரைபடத்தில் எண்ணிப் பார்த்தேன். நாற்காலியில் விரிக்க அடர்நீலத்தில் இரண்டு துண்டு தேக்கா கடைத்தெருவில் வாங்கியாயிற்று.